பழைய கட்டளை, புதிய நடத்தை: மென்பொருளை மாற்றுவது ஏன் கடினம்?

கைப்பேசிச் செயலி ஒன்றைப் புதுப்பித்ததும் பொத்தான் இடம் மாறியிருந்தால் உங்களுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பொத்தானை அழுத்துவது மனிதர் அல்ல, இன்னொரு நிரல் என்றால் என்ன ஆகும்?

கணினி வல்லுநர்கள் பல வேலைகளைக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே முடிக்கிறார்கள். அன்றாடம் தேவைப்படும் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்தால், கணினி அவற்றைத் தானாகவே நிறைவேற்றும். இதற்கு ‘ஸ்கிரிப்ட்’ என்று பெயர். ஸ்கிரிப்டுக்கு ஊகிக்கத் தெரியாது. கட்டளை தரும் விடையில் ஒரு குறி கூடினாலும் அது தடுமாறலாம். தவறான கோப்பை அழித்துவிடவும் கூடும்.

பன்னிரண்டு பேருக்காக

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கட்டளையை உருவாக்கினார். பெரிய மென்பொருளில் மாறிய பகுதிகளை மட்டும் மீண்டும் உருவாக்க அது உதவுகிறது. அதற்கான கோப்பில், செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் வரிகள் ‘டேப்’ குறியுடன்தான் தொடங்க வேண்டும். திரையில் டேப்பும் சாதாரண இடைவெளியும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், இடைவெளி விட்டால் பிழை!

இந்தச் சிக்கல் ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே தெரிந்தது. அதற்குள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாமல் விதியை அப்படியே விட்டுவிட்டார். அதன் பின்னர் உலகெங்கும் எண்ணற்ற நிரலாளர்கள் அந்த டேப்பில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

மாற்றினால் பழையவர்களுக்குச் சிரமம்; மாற்றாவிட்டால் புதியவர்களுக்குச் சிரமம். இரண்டையும் சமாளிக்க மூன்று வழிகள் உள்ளன.

1. விரும்பியவருக்கு மட்டும்

2010-இல் வெளிவந்த குனூ மேக் 3.82 பதிப்பில், டேப்புக்குப் பதிலாக வேறொரு குறியைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்காதவர்களுக்கு டேப் விதியே தொடரும். அதனால் பழைய கோப்புகள் வழக்கம்போல் இயங்கின.

2. படிப்பவர் மனிதரா, நிரலா?

லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை ‘எல்எஸ்’. பட்டியலில் ‘கணிதப் பயிற்சி’ என்று தெரிந்தால், அது ஒரு கோப்பா, இரண்டு கோப்புகளா? 2016 ஜனவரியில் வெளிவந்த 8.25 பதிப்பு, இடைவெளி உள்ள பெயர்களை மேற்கோள் குறிகளுக்குள் காட்டத் தொடங்கியது. ஆனால், விடை திரைக்குச் செல்லும்போது மட்டுமே அப்படிக் காட்டும். வேறொரு நிரலுக்கோ கோப்புக்கோ சென்றால் பழையபடியே மேற்கோள் குறி இல்லாமல் அனுப்பும். விடை எங்கே செல்கிறது என்பதை எல்எஸ் இயங்குதளத்திடம் கேட்டு அறிந்துகொள்கிறது. புதிய தோற்றம் பிடிக்காதவர்கள் பழைய தோற்றத்துக்குத் திரும்பவும் வழி உண்டு.

3. முன்கூட்டியே எச்சரிக்கை

சில நேரங்களில் எல்லாருக்குமே மாற்றம் தேவைப்படும். நிரலாளர்கள் தங்கள் நிரல்களின் பதிப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்துவது ‘கிட்’. அதில் வேலையைப் பொதுச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் கட்டளை ‘புஷ்’. முன்பு அது, இரு பக்கமும் ஒரே பெயரில் இருந்த கிளைகள் அனைத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். முடியாத வேலையும் தவறுதலாகப் போய்விடும். நடப்புக் கிளையை மட்டும் அனுப்பும்படி மாற்றப் போவதாக 2012-இல் அறிவித்தார்கள். 2014-இல் கிட் 2.0 வெளிவந்தபோதுதான் மாற்றினார்கள். இடைப்பட்ட காலத்தில் புஷ் ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. பழைய முறையே வேண்டுமென்றால் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளையும் அதிலேயே இருந்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

பைத்தானில் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடும் செயல்கூறு ஒன்றை எழுதி, நண்பர்களுக்கும் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது விடையை முழு எண்ணாக்க விரும்புகிறீர்கள். நேரடியாக மாற்றினால், தசமப் புள்ளியை எதிர்பார்க்கும் நண்பரின் நிரல் தவறான விடை தரலாம். அதற்குப் பதிலாக, ‘முழு எண்ணாக்கு’ என்ற புதிய உள்ளீட்டைச் சேருங்கள். அது குறிப்பிடப்படாதபோது பழைய விடையே வரும்படி எழுதுங்கள். பிறகு நண்பரின் நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் இயக்கிப் பாருங்கள். முன்பு வந்த விடையே வந்தால், உங்கள் மாற்றம் வெற்றி!