கவசம் பூண்ட கெளுத்தி

கெளுத்தி மீனை அறியாத தமிழர் அரியர். செதிலற்ற வழவழப்பான மேனியும் வாயருகே மீசையும் அதன் அடையாளங்கள். ஆயினும் அதே கெளுத்தி இனத்தில், உடலெங்கும் எலும்புத் தகடுகளைப் போர்த்திய ஒரு பெருங்குடும்பமும் உண்டு. லோரிகாரிடே என்பது அதன் விஞ்ஞானப் பெயர். லத்தீன் மொழியில் 'லோரிகா' என்றால் மார்புக் கவசம். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவின் தென்பகுதியிலும் உள்ள ஆறுகள் இக்குடும்பத்தின் தாயகம். அங்கு ஏறத்தாழ 1,000 வகைகள் வாழ்கின்றன. அவற்றுள் சில இன்று இந்திய நீர்நிலைகளிலும் குடியேறிவிட்டன. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் மீனே அது.

இதன் வாய், தலையின் அடிப்புறத்தில் வட்டமான உறிஞ்சியாக அமைந்துள்ளது. வேகமாக ஓடும் நீரிலும் பாறையையோ மரக்கட்டையையோ பற்றிக்கொண்டு, நுண்ணிய பற்களால் பாசியையும் மக்கிய பொருள்களையும் சுரண்டித் தின்னும். இத்தகைய ஆகாரத்தில் சத்துக் குறைவு. ஆதலால் இதன் குடல் மிக நீண்டு சுருள்சுருளாக மடிந்திருக்கிறது.

அமேசான், ஓரினோக்கோ ஆறுகளின் சமவெளிகளில் வறண்ட காலத்தில் நீர் வற்றி, பிராணவாயு குறையும். பிற மீன்கள் தவிக்கையில், இது நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்குகிறது. மெல்லிய சுவரும் நெருங்கிய இரத்த நாளங்களும் கொண்ட இரைப்பையே அப்போது நுரையீரலின் தொழிலைச் செய்கிறது. உடலின் ஈரம் காயாதிருந்தால் நீருக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிர் தரிக்கும்.

இனப்பெருக்கத்தில் தந்தையின் பங்கே பெரிது. ஆண் மீன் கரையின் களிமண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்திற்கு வளை தோண்டும். பெண் அதில் முட்டையிட்டுச் சென்றபின், குஞ்சு பொரியும்வரை ஆணே காவல் இருக்கும்.

தாயகத்தில் இம்மீனின் பெருக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. கெய்மன் என்னும் முதலையும் நீர்நாயும் இதை இரையாகக் கொள்கின்றன. மனிதரும் விரும்பி உண்கின்றனர். பிரேசிலின் அமேசான் பகுதியில் 'அகாரி' என வழங்கும் இதனைக் கவசத்தோடு தணலில் சுடுவர். சதையை உலர வறுத்து 'பிராகுயி' என்னும் மீன்மாவும் செய்வர்.

அந்நிய நீரில் நிலைமை வேறு. அங்கே, உயிர் காத்த கவசமும் சுவாசமும் வளையுமே ஊருக்குத் தீங்காகின்றன. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலேப்பியா மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் வலைகளில் இதுவே வந்து நிறைந்தது. முட்களில் சிக்கி வலைகள் கிழிந்தன. அங்குள்ளோர் இதற்கிட்ட பெயர் 'பேய்மீன்'. நம் நாட்டில், 2002-ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் சேர்ந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களிலும் இது பரவியுள்ளது. நகரின் கழிவுநீரில் விளையும் பாசியையும் நுண்ணுயிர்களையும் கொண்டு ரோகு, கட்லா வளர்க்கும் குளங்கள் அவை. அங்கே இது ஆகாரத்தில் பங்கு கொள்கிறது, கரைகளையும் துளைக்கிறது. 2020-இல் வாரணாசி அருகே கங்கையிலும் அகப்பட்டது.

கடல் கடந்து இது தானே வரவில்லை. இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கிய மீன் ஒன்றரை அடி வளர்ந்து, தொட்டியில் இடம் போதாதபோது, அதனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவது ஜீவகாருண்யம் என்று தோன்றக்கூடும். அந்தக் கருணையின் விலையை வலை வீசிப் பிழைப்பவரே கொடுக்க நேர்கிறது. வளர்க்க இயலாதவர்கள் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம்; பெரிய தொட்டி உடையவரிடம் ஒப்படைக்கலாம். கோவில் குளமாயினும் கங்கையாயினும் அதில் மட்டும் விடலாகாது. ஓர் ஆற்றில் ஒருமுறை பெருகிவிட்டால் இம்மீனை முற்றிலும் அகற்றுவது மிக அரிது என்பதை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.