அப்பாவின் புல்லட்டும் கறுத்துப்போன பிளக்கும்

போன ஜூலை மாதம். காலை ஆறரை மணி, வெளியே இன்னும் இருட்டு. மவுண்ட் ராஸ்கில்லில் எங்கள் வீட்டு கராஜிலிருந்து கிக்கர் உதைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று வரை எண்ணினேன். எஞ்சின் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நீண்ட அமைதி. அந்த அமைதிதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

போய்ப் பார்த்தால், அப்பா பழைய பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வயது 74. "குளிர்ம்மா, வேற ஒண்ணுமில்ல. வண்டி பழசு"ன்னார்.

ஆக்லாந்து குளிர் உங்களில் கனடாவிலும் நார்வேயிலும் இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஜூலையில் விடியற்காலை ஏழெட்டு டிகிரி, அவ்வளவுதான். ஆனால் ஈரம் அதிகம். கராஜில் தொங்கும் துணி மூன்று நாளானாலும் காயாது. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு அந்த ஈரமும் குளிரும் போதும், காலையில் முரண்டு பிடிக்க.

வண்டி 350 சி.சி. புல்லட். நான் மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். எனக்கு நினைவு தெரிந்து அப்பா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இதுதான். ஊரைவிட்டுப் போகும் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். சென்னையில் கல்யாணமான புதிதில் அவரிடம் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து மகாபலிபுரம் போன கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பா வண்டியை ரோட்டில் எடுக்கவில்லை. தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவார், இரண்டு நிமிஷம் ஓடவிடுவார், நிறுத்துவார், காபி குடிக்க வருவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கராஜ் கதவை முழுசாகத் திறக்கவும் மாட்டார்.

திருவொற்றியூரிலிருந்து

நம் பிள்ளைகளிடம் ராயல் என்ஃபீல்ட் என்றால் இங்கிலாந்து வண்டி என்பார்கள். பிறந்தது அங்கேதான், ரெட்டிச் என்ற ஊரில். ஆனால் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. வடசென்னைத் திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்து நிறுவனம் 1970 வாக்கில் மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் இது நம்ம ஊர் வண்டி என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் 12 வயது மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ தாத்தா மாதிரியா? அங்கேயிருந்து இங்கே வந்ததா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பிளக்கைப் படிப்பது

அன்று சனிக்கிழமை. அப்பா பிளக் ஸ்பானரை எடுத்து என் மகன் கையில் கொடுத்தார். "மெதுவா. சிலிண்டர் தலை அலுமினியம். மரை போச்சுன்னா வண்டி போச்சு." அவன் கழற்றிய பிளக் முனை, விளக்குக்கரி அப்பினது போல மங்கலான கறுப்பாக இருந்தது.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பாடம் எடுத்தார். நான் நின்று கேட்டேன். எனக்கும் அது முதல் தடவை. சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். என்னைக் கூப்பிடவில்லை.

"பால் அதிகம் விட்ட காபி நிறமா இருந்தா எஞ்சின் நல்லா எரியுது. உலர்ந்த கரி மாதிரி கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், காத்து குறைச்சல். இல்லன்னா வண்டி சூடாகவே இல்லை. பெட்ரோல் நனைஞ்சு வாசனை அடிச்சா ஓவராயிடுச்சு. எண்ணெய்ப் பசையோட கறுப்பா இருந்தா பிஸ்டன் ரிங்கையோ வால்வையோ பாக்கணும், அது செலவு. வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல, ரொம்பச் சூடாகுது. அது எல்லாத்தையும் விட ஆபத்து."

கரி ஏன் வண்டியைப் படுக்கவைக்கிறது? பிளக்கின் நடுக் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் இருக்கிறது. மின்சாரம் வேறு வழியில்லாமல் முனையிலிருந்து அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் பொறி வரும். பீங்கான் மேல் கரி படிந்தால், கரி மின்சாரத்தைக் கடத்தும். குதிக்கவேண்டிய மின்சாரம் கரிமேல் சுலபமாக ஓடித் தரையிறங்கிவிடுகிறது. பொறி இல்லை, அல்லது பலவீனமான பொறி.

பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளக்கூடியது. அதன் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கரி எரிந்து போய்விடும். ஆனால் அந்தச் சூட்டுக்கு வண்டி ரோட்டில் ஓடவேண்டும். நின்ற இடத்தில் சோக் போட்டு இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்தினால், பெட்ரோல் அதிகமான கலவை எரிந்து கரி மட்டும்தான் சேரும். எரியும்போது உண்டாகும் நீராவியும் வெளியேறாமல் குளிர்ந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

இதைக் கேட்டதும் எனக்குள் சுருக்கென்றது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பா, அப்போ தினமும் நீங்க ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்றதுதானே இதுக்குக் காரணம்?"

அப்பா பிளக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும்மா"ன்னார்.

தெரியாமல் எப்படி இருக்கும்? நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர். கண்ணில் புரை, கையில் நடுக்கம், இனி ரோட்டில் எடுக்க முடியாது என்று அவருக்கே தெரியும். எங்களிடம் சொன்னால் "வித்துடலாம்ப்பா" என்போம். அந்தச் சத்தம் இரண்டு நிமிஷமாவது வீட்டில் கேட்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அதுதான் வண்டியைக் கெடுக்கிறது என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன், நான் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று.

குளிரில் ஸ்டார்ட் பண்ணும் முறை

இங்கே கார் லைசென்ஸ் இருந்தாலும் பைக்குக்குத் தனி. முதலில் அடிப்படைக் கையாளும் தேர்வு, அப்புறம் 'எல்' பலகையோடு கற்பவர் உரிமம். இரண்டையும் முடித்தேன். ஆனால் எங்கள் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தேர்வுக்குப் பழகிய வண்டிக்கு நேர்மாறு. முதல் வாரம் பிரேக் என்று நினைத்து எத்தனை தடவை கியரை மிதித்தேன் என்று அப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா சொல்லிக்கொடுத்தது இது. கிக்கரும் கார்புரேட்டரும் உள்ள பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் வண்டியை வெளியே தள்ளுங்கள். கராஜுக்குள் ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கதவு பாதி திறந்திருந்தாலும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே இல்லை.

நியூட்ரலில் வையுங்கள். பெட்ரோல் டேப்பைத் திறந்து அரை நிமிஷம் விடுங்கள். கார்புரேட்டரில் சோக்கைப் போடுங்கள். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டியிருக்கிறது. சாவி போடுவதற்கு முன் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கிக்கரை அமுக்கினால் கலவை உள்ளே போகும், கெட்டியான ஆயிலும் இளகும்.

இப்போது சாவி. மெதுவாகக் கிக்கரை அமுக்கிக்கொண்டே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். இடது பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும். கால் கெட்டியாக முட்டும் இடத்தில் முள் நடுவில் நிற்கவேண்டும். அங்கே இடது கைப்பிடியில் உள்ள டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் இறக்குங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். டீகம்ப்ரஸரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். பிறகு ஒரே முழு உதை. ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்.

"அடிக்காதே, தள்ளு," என்பார் அப்பா. பாதி மனசோடு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். பிஸ்டன் சரியான இடத்தில் இருந்தால் பலம் வேண்டாம், உடம்பு எடை போதும். எனக்கு 52 கிலோ. பிடிக்கிறது.

ஓடத் தொடங்கியதும் அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் சோக்கை எடுத்துவிடுங்கள். சோக்கோடு ஓட்டுவதுதான் பிளக்குக்கு முதல் எதிரி. ரேஸ் பண்ணாமல் கிளம்புங்கள். கிளம்பினால் குறைந்தது இருபது நிமிஷம் ஓட்டுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் அன்று ஸ்டார்ட் பண்ணாமலே இருப்பது நல்லது.

நாலைந்து உதையில் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோல் ஓவராகியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, டேப்பை மூடி, சோக்கை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து, டீகம்ப்ரஸரை அமுக்கிக்கொண்டு ஏழெட்டு உதை விடுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். ஒரு உபரி பிளக்கும் ஸ்பானரும் சீட்டுக்கடியில் எப்போதும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தும் பிளக் திரும்பத் திரும்பக் கறுத்தால் குற்றம் குளிரில் இல்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, கார்புரேட்டர் செட்டிங், காந்திப்போன பாயின்ட், பலவீனமான பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

இந்த ஜூலை

இப்போது ஞாயிறுதோறும் டிட்டிராங்கி வழியாக சீனிக் டிரைவ் வரை போய் வருகிறேன். அப்பா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்பார். தூரத்தில் திரும்பி வரும்போதே ஐட்லிங் சரியில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

மகன் மாதம் ஒரு தடவை பிளக் கழற்றுகிறான். தமிழ் வகுப்பில் வாயைத் திறக்காதவன், "தாத்தா, மரை சரியா உக்காரல," என்கிறான். இங்கே 16 வயதுக்கு முன் ஓட்ட முடியாது என்பதில் அவனுக்குப் பெரிய வருத்தம்.

தாத்தாவுக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. கற்பவர் உரிமத்திலும் அடுத்த கட்டத்திலும் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. முழு உரிமம் வந்தால்தான் அவரை உட்காரவைக்க முடியும். போன வாரம் கேட்டார், "இன்னும் எத்தனை மாசம்மா ஆகும்?" சொன்னேன். காலண்டரில் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, "அதுவரைக்கும் முழங்காலுக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸைப் பண்றேன். ஏறி உக்காரணும்ல,"ன்னார்.

நேற்று மகன் கழற்றிய பிளக்கை அவரிடம் நீட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "காபி,"ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.