செயலும் உள்ளமும்

ஒருவன் கையிலிருந்த துவக்கு வெடித்தது, மற்றொருவன் மாண்டான். மாண்டவனின் இல்லத்தாருக்கு இழப்பு ஒன்றே. ஆயினும், சுட்டவனுக்குச் சட்டம் வகுத்த கதி பலவாகும். அதனை நிர்ணயிப்பது அவனது உள்ளத்தின் நிலையே.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய எமது தண்டனைச் சட்டக்கோவை இந்நிலைகளைப் படிப்படியாக வகுக்கின்றது. கொல்லும் கருத்துடன் குறிபார்த்துச் சுட்டானாயின் அது கொலை, மரண தண்டனைக்குரியது. 1976ஆம் ஆண்டின் பின் இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை எனினும், விதிக்கப்படும் தீர்ப்பு அதுவே. அதே கருத்திருந்தும், பாரதூரமான திடீர்ச் சினமூட்டலால் தன்னடக்கமிழந்து சுட்டானாயின், அது கொலையாகாத ஆட்கொலை. 20 ஆண்டு வரை சிறை. கொல்லும் கருத்தின்றி அச்சுறுத்தவே சுட்டான், எனினும் உயிர் போகக்கூடுமென அறிந்திருந்தான் எனின், 10 ஆண்டு வரை. தோட்டா உண்டோவென்று பாராது துடைக்கையில் வெடித்ததாயின் அது கவனயீனம். 298ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை. சட்டத்துக்கமைந்த செயலைத் தக்க கவனத்துடன் செய்கையில் நேர்ந்த விபத்தோ குற்றமேயன்று.

பிறர் நெஞ்சைத் திறந்து பார்ப்பார் எவருமிலர். ஆகவே ஆயுதம், காயம்பட்ட இடம், முன்பகை, முன்னும் பின்னும் அவன் நடந்த விதம் ஆகியவற்றைக் கொண்டே நீதிமன்றம் கருத்தை உய்த்துணர்கின்றது. நியாயமான ஐயத்துக்கு அப்பால் அதனை எண்பித்தல் வழக்குத்தொடுநரின் கடன்.

எனவே, பிணத்தைக் கண்டதும் கொலையெனக் கூறிவிடலாகாது. அவன் எதை எண்ணினான், எதை அறிந்தான், எதைப் பாராது விட்டான் என வினவிய பின்னரே தீர்ப்பளித்தல் முறையாகும்.