ஒரே கார், இரண்டு பெயர்கள்

எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் பாடம். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து நின்றான். அவன் அப்பா அறந்தாங்கி சாலையில் சிறிய கார் பட்டறை வைத்திருப்பவர்.

"டீச்சர், பலேனோவும் கிளான்சாவும் ஒரே காருதான்னு எங்க அப்பா சொல்றாங்க. ஒண்ணு மாருதி, இன்னொண்ணு டொயோட்டா. ஒரே காருக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு பேரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் தேடித் தெரிந்துகொண்டதையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கண்ணாடியின் மூலையில் ஒரு பெயர்

எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் ஆசிரியர்களின் கார்கள் மூன்று நிற்கும். மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு குறிப்பேடு கொடுத்தேன். "காரில் எங்கெல்லாம் பெயர் இருக்கிறதோ, அதையெல்லாம் எழுதி வாருங்கள்" என்றேன். டயரின் பக்கவாட்டில் பார்த்தார்கள். கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தார்கள். முன்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, பேட்டரியின் மேல் இருந்ததையும் எழுதிக்கொண்டார்கள்.

கரும்பலகையில் அட்டவணை போட்டதும் வகுப்பே வியந்தது. எந்தக் காரின் டயரிலும் அந்தக் கார் நிறுவனத்தின் பெயர் இல்லை. பேட்டரியிலும் இல்லை. இரண்டு கார்களின் கண்ணாடியில் ஒரே நிறுவனத்தின் முத்திரை இருந்தது. "அப்போ கார் கம்பெனி என்னதான் டீச்சர் செய்யுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். முதல் கேள்வியை விடவும் நல்ல கேள்வி இது.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை உதிரிபாக நிறுவனங்கள்தாம் செய்து தருகின்றன. இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னை பாடியில் 1960-களில் வளர்ந்த டி.வி.எஸ். குழும நிறுவனங்களே போதும். லூகாஸ் டி.வி.எஸ். மின்கருவிகளையும், பிரேக்ஸ் இந்தியா பிரேக்குகளையும், வீல்ஸ் இந்தியா சக்கரங்களையும், சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் திருகுகளையும் போல்ட்டுகளையும் பல வாகன நிறுவனங்களுக்கு வழங்கிவருகின்றன. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடிகள் தமிழ்நாட்டிலிருந்து சென்றன. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு பட்டறைதான் இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம்.

ஏன் பகிர்ந்துகொள்கிறார்கள்?

திருவிழா நோட்டீஸை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். நூறு நோட்டீஸ் அடித்தாலும் ஆயிரம் நோட்டீஸ் அடித்தாலும் அதை வடிவமைக்கும் செலவு ஒன்றுதான். எண்ணிக்கை கூடினால் ஒரு நோட்டீஸின் விலை குறையும். காரின் கதவை அழுத்தி எடுக்கும் அச்சுக்கும், புதிய என்ஜினை உருவாக்கும் ஆராய்ச்சிக்கும் இதே கணக்குதான். செலவு மிகப் பெரியது என்பதால் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமக்கின்றன.

ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் இதற்கு நல்ல சான்று. மாருதி ஸ்விஃப்டிலும் டாடா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் அதுவே ஓடியது. இந்தியாவின் தேசிய என்ஜின் என்று அதற்குச் செல்லப்பெயரே உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் 2010-ல் தொடங்கிய ரெனோ-நிசான் தொழிற்சாலை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் ஒரே அடிப்படையில் உருவாயின. 2012-ல் வந்த ரெனோ டஸ்டரின் முகப்பையும் சில உள்பாகங்களையும் மாற்றி, 2013-ல் நிசான் டெரானோ வந்தது.

மாணவன் கேட்ட கிளான்சாவும் இந்த வகைதான். சுசுகியும் டொயோட்டாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பலேனோ 2019-ல் டொயோட்டா முத்திரையோடு கிளான்சா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பட்டறைக்கார அப்பா சொன்னது சரிதான்.

அப்படியானால் பெயர் எதில் இருக்கிறது?

பாகங்களில் இல்லை என்பதற்கு அம்பாசிடரே சாட்சி. அதன் உடல் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. தொண்ணூறுகளில் ஜப்பானின் இசுசு என்ஜினைப் பொருத்தினார்கள். அப்போதும் நாம் அதை அம்பாசிடர் என்றே அழைத்தோம். 2014-ல் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற அந்தப் பெயரைப் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தயாரிப்பே நின்றுபோன ஒரு காரின் பெயருக்கு 80 கோடி! மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

பெயரை உருவாக்குபவை மூன்று என்று தொகுத்தோம்.

முதலாவது, தோற்றம். முகப்பு, விளக்குகள், உள்ளே அமர்ந்தால் கண்ணில் படுபவை.

இரண்டாவது, பக்குவம். ஒரே மில்லில் அரைத்த மாவுதான். ஆனால் வீட்டுக்கு வீடு தோசை வேறு. அந்த ஃபியட் என்ஜின் ஸ்விஃப்டில் சுமார் 75 குதிரைத்திறன் தந்தது. டர்போ அமைப்பை மாற்றியதால் டாடா மான்சாவில் சுமார் 90 தந்தது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், ஸ்டீயரிங் எவ்வளவு கனம் என்பதையெல்லாம் அந்தந்த நிறுவனம்தான் முடிவு செய்கிறது.

மூன்றாவது, பொறுப்பு. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கிளான்சா வந்த புதிதில் அதற்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம். பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். கார் ஒன்றுதான், கொடுத்த வாக்கு வேறு.

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் பல கார் நிறுவனங்களுக்குக் காற்றுப்பைகள் செய்து கொடுத்தது. அதில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாள்பட்டுக் கெட்டது. விபத்தில் காக்க வேண்டிய பை, உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி காற்றுப்பைக் கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பி.எம்.டபிள்யூ. எல்லாமே தங்கள் கார்களை அழைத்து மாற்றிக் கொடுத்தன. "அந்தப் பாகத்தை நாங்கள் செய்யவில்லை" என்று சொல்லி ஒதுங்க அவற்றால் முடியவில்லை. காரின் முன்னால் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அப்பாவின் கேள்வி

இந்தப் பாடம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜூன் மாதம் அந்த மாணவனின் அப்பா, தங்கையை முதல் வகுப்பில் சேர்ப்பது பற்றி விசாரிக்க வந்தார். தனியார் பள்ளி ஒன்றிலும் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சமச்சீர் கல்வி வந்த பிறகு இங்கும் அங்கும் ஒரே பாடநூல்தான், எங்கள் ஆசிரியர்கள் எல்லாரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புத்தகம் ஒண்ணுதான்னு தெரியும் டீச்சர். எம் புள்ளைக்கு எழுத்து கூட்ட வரலேன்னா நான் யாருகிட்ட வந்து கேக்குறது?"

நான் பேசியதெல்லாம் உதிரிபாகங்களைப் பற்றி. அவர் கேட்டது உத்தரவாதத்தை. எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் மூன்றாவதாக எழுதிப் போட்டதை, என் பள்ளிக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"வகுப்பு டீச்சர்கிட்ட கேளுங்க. அவங்க இல்லேன்னா என்கிட்ட கேளுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் பேசினோம். வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளின் பெயர்களை வகுப்புவாரியாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பு ஏற்கும் ஆசிரியரின் பெயரையும் எழுதுவது என்று முடிவானது. மாதம் ஒருமுறை பெற்றோரிடம் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து காட்டுகிறோம். எல்லாக் குழந்தைகளும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். யார் பின்தங்கியிருக்கிறார், யார் பார்த்துக்கொள்கிறார் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

அந்தத் தங்கை எங்கள் பள்ளியில்தான் சேர்ந்தாள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவள் அப்பா, கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார். "உயிர்மெய் எழுத்துல தடுமாறுறா டீச்சர்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு எதிரே என் பெயர் இருந்தது.