ஆயுதத்தை யார் முதலில் வைப்பது?

1994 ஆகஸ்ட் 31 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படை தன் ஆயுத நடவடிக்கைகளை நள்ளிரவு முதல் அடியோடு நிறுத்திக்கொள்வதாகப் பிரகடனம் செய்தபோது, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் ஃபால்ஸ் சாலையில் மோட்டார் வண்டிகள் ஹாரன் முழங்க ஊர்வலம் சென்றன. ஆறு வாரங்களில் எதிர்த்தரப்பான புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழுக்களும் அவ்வாறே அறிவித்தன. ஆயினும் பதினேழு மாதங்கள் கழித்து, 1996 பிப்ரவரி 9 மாலை, லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் லாரியில் வைக்கப்பட்டிருந்த பெருங்குண்டு ஒன்று வெடித்து, செய்தித்தாள் கடை ஒன்றில் இருந்த இருவர் மாண்டனர். போர்க்களத்தில் எந்தத் தரப்பும் தோற்காத அந்த இடைவேளையில், போர்நிறுத்தம் ஏன் உளுத்துப்போயிற்று என்பது ஆராயத்தக்க விஷயம்.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது பிரிட்டனோடு தங்கிவிட்ட வடபகுதியில், பிரிட்டனுடன் இணைந்திருக்கவே விரும்பிய யூனியனிஸ்டுகள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். ஐக்கிய அயர்லாந்தை வேண்டிய தேசியவாதிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். வீட்டிலும் வேலையிலும் வாக்குரிமையிலும் கத்தோலிக்கர்களுக்கு நேர்ந்த பாரபட்சம் 1960களின் இறுதியில் தெருவுக்கு வந்து, பிறகு துப்பாக்கிக்குக் கைமாறி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேரின் உயிரைக் குடித்தது.

சண்டை நின்றதும் பேச்சு தொடங்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, பிரிட்டிஷ் அரசாங்கமோ முதலில் இந்த நிறுத்தம் நிரந்தரமானதுதானா என்று கேட்டது; அடுத்து, 1995 மார்ச்சில், வட அயர்லாந்து விவகார அமைச்சர் பேட்ரிக் மேஹ்யூ, குடியரசுப் படையினர் தம் ஆயுதங்களில் ஒரு பகுதியையேனும் அடையாளமாகக் கைவிட்டால்தான் அவர்களுடைய அரசியல் அணியான ஷின் ஃபேன் கட்சிக்குச் சமாதானப் பேச்சில் ஆசனம் என்று நிபந்தனை விதித்தார். பேச வருபவன் துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டு வரட்டும் என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்து கூடுமுன்பே ஒருவனைக் காலில் விழச் சொன்னால், அவன் பஞ்சாயத்துக்கே வரமாட்டான். ஆயுதக் கையளிப்பு என்பது படையினரின் கண்ணுக்குச் சரணாகதியாகவே பட்டது; துப்பாக்கிகளை மறைவிடத்தில் வைத்துக்கொண்டே மேஜைக்கு வருவது யூனியனிஸ்டுகளின் கண்ணுக்கு மிரட்டலாகவே பட்டது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை நாளுக்கு நாள் தேய்ந்து, யூனியனிஸ்ட் உறுப்பினர்களின் தயவை நாடவேண்டிய நிலையில் இருந்த பிரதமர் ஜான் மேஜரால் இந்த நிபந்தனையை எளிதில் தளர்த்த இயலவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இதற்கிடையே ஜனங்களின் குடியிருப்புகளில் நிலைமை எப்படி இருந்தது? தங்கள் சட்டத்தை மீறியவர்களின் முழங்காலில் சுடுவதை நிறுத்திய குழுக்கள், கட்டைகளால் எலும்பை முறிக்கும் தண்டனையைத் தாராளமாக வழங்கிக்கொண்டிருந்தன.

முட்டுக்கட்டையை நீக்க நியமிக்கப்பட்ட அமெரிக்கரான ஜார்ஜ் மிட்செலின் குழு, 1996 ஜனவரியில், முன்கூட்டியே ஆயுதத்தை வைக்க எவரும் இணங்கப் போவதில்லை, ஆகவே பேச்சும் ஆயுதக் களைவும் ஒருசேர நடக்கட்டும் என்று விவேகமான யோசனை கூறியது. மேஜரோ, தேர்தல் ஒன்று நடத்திப் பிரதிநிதிகளைத் தேர்ந்துகொள்வோம் என்ற வேறு வழியை முன்னிறுத்தினார். இரண்டு வாரங்களில் லண்டன் குண்டு வெடித்தது. குண்டு வைத்தவர்களுக்கு இதனால் நியாயம் கிடைத்துவிடாது. ஆனால் அரசியல் வழி காட்டாத போர்நிறுத்தத்தை நெடுநாள் நிறுத்திவைக்கலாம் என்று நம்பியது அரசாங்கத்தின் பிழையே என்பது என் அபிப்பிராயம்.

1997இல் டோனி பிளேர் பிரதமராகப் பதவியேற்ற பின், ஜூலை 20 முதல் போர்நிறுத்தம் மீண்டும் அமலுக்கு வந்தது. ஷின் ஃபேன் பேச்சுக்குள் வந்தது. யூனியனிஸ்ட் தலைவர்களில் ஒருவரான இயன் பெய்ஸ்லியின் கட்சி வெளியேறியது. மேஜையில் எஞ்சியிருந்த டேவிட் டிரிம்பிளின் யூனியனிஸ்டுகள், எதிரே இருந்தவர்களோடு நேரில் பேசாமல், கூட்டத் தலைவரை விளித்தே தம் வாதங்களைச் சொன்னார்கள். 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று ஒப்பந்தம் உருவாயிற்று. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சபை, கைதிகளின் விடுதலை ஆகியவற்றோடு, ஆயுதக் களைவு ஈராண்டுகளுக்குள் நிறைவேறக் கட்சிகள் தம் செல்வாக்கைப் பயன்படுத்தவேண்டும் என்று மட்டுமே அது கூறியது. அந்தத் தெளிவின்மைதான் எல்லோரையும் கையெழுத்திடச் செய்தது. பின்னர் எல்லோரையும் சண்டையிடச் செய்ததும் அதுவே.

ஒப்பந்தப்படி 1999 டிசம்பரில் அமைந்த அமைச்சரவை, துப்பாக்கி ஒன்றும் வெளிவராததால் பத்து வாரங்களில் முடக்கப்பட்டது. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரியும் தென்னாப்பிரிக்காவின் சிரில் ரமபோசாவும் 2000ஆம் ஆண்டில் படையின் இரகசியக் கிடங்குகளுக்குள் அழைத்துச் செல்லப்பட்டு, ஆயுதங்கள் பயன்படாமல் இருப்பதைக் கண்டு சாட்சி சொன்ன பின்பும் அவநம்பிக்கை தீரவில்லை. 2004 டிசம்பரில் ஏறக்குறைய முடிந்துவிட்ட உடன்பாடு, ஆயுதங்கள் அழிக்கப்படுவதைப் புகைப்படம் எடுத்துக் காட்டவேண்டும் என்ற பெய்ஸ்லியின் பிடிவாதத்தால் முறிந்தது. படமெடுப்பது தங்களை இழிவுபடுத்தும் செயல் என்றது படை. மறுவருடம் செப்டம்பரில், படமின்றி, கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரும் மெதடிஸ்ட் போதகர் ஒருவரும் பார்த்திருக்க, ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டன. 2007 மார்ச்சில் பெய்ஸ்லியும் ஷின் ஃபேனின் ஜெர்ரி ஆடம்ஸும் முதன்முதலாகச் சேர்ந்து தோன்றியபோது, எதிரெதிரேயும் அல்லாமல் அருகருகேயும் அல்லாமல், மேஜையின் ஒரு மூலையில் ஆளுக்கொரு பக்கமாக அமர்ந்தார்கள்.

ஸ்தம்பிப்பு அதன் பிறகும் ஒழியவில்லை. 2017 முதல் மூன்றாண்டுகளும், 2022 முதல் ஈராண்டுகளும் அங்கே அமைச்சரவை இல்லை. பின்னதற்குக் காரணம், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பின், பிரிட்டனிலிருந்து கடல்வழி வரும் சரக்குகளைச் சோதிப்பது பற்றிய யூனியனிஸ்டுகளின் ஆட்சேபம். ஆனால் 2024 ஜனவரியில் அரசாங்கமற்ற அந்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது சம்பள உயர்வு. ஆசிரியர்களும் செவிலியர்களும் பேருந்து ஓட்டுநர்களுமாக, இரு சமூகத்தவரும் ஒரே மறியல் வரிசையில் நின்றிருந்தார்கள்.