பிள்ளையின் வாய்க்கு ஏற்ற தூரிகை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பிள்ளைகளின் பல்லைப் பற்றி ஒரு பேச்சு வழங்கி வருகிறது. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பது அது. எழுவான்கரையிலே கடலோரத்து வீடாயினும், படுவான்கரையிலே வயலோரத்து வீடாயினும், பேரப்பிள்ளையின் கடைவாயிற் கரும்புள்ளி ஒன்றைக் கண்ட பாட்டியார் இவ்வாறு சொல்லியே தாயைத் தேற்றிவிடுகிறார். இச்சொல்லிற் பாதி மெய். மற்றப் பாதியோ, ஆயுள் முழுவதும் நிற்கவேண்டிய பல்லைப் பல பிள்ளைகள் இழப்பதற்குக் காரணமாகின்றது.

ஆறு வயதளவிலே, பாற்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு பல்லேனும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. விழுந்த பல்லுக்கு ஈடாக வருவன அல்லவாதலின் இவற்றின் வருகையைப் பெற்றோர் அறிவதில்லை. அறிந்தாலும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை நிலைப்பற்கள். இவை போனால் வேறு முளைப்பதில்லை. முளைத்த புதிதில் இவை மற்றப் பற்களின் மட்டத்துக்கு உயராமல் தாழ்ந்து நிற்கும். மேற்பரப்பிலே ஆழ்ந்த வரிப்பள்ளங்களும் உண்டு. வாயின் கோடியிலே இவ்வாறு தாழ்ந்து நிற்கும் பல்லைப் பெரியவர்களுக்கென்று செய்த அகன்ற தூரிகை எட்டுவதேயில்லை. ஒன்பது பத்து வயதிலே ஒரு கையாற் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, கணக்கிலே மனம் செல்லாமல் வாங்கில் இருக்கும் பிள்ளையை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாற் குழி விழுந்திருப்பது பெரும்பாலும் இந்தப் பல்லிலேதான்.

பாற்பற்களையும் எளிதாக எண்ணிவிடலாகாது. கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்கவேண்டியவை. பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவையே. ஐந்து வயதிலே சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால் அயற்பற்கள் அந்த இடத்திற் சாய்ந்துவிடும்; புதியது வரும்போது வழியின்றிக் கோணி முளைக்கும். மேலும் பாற்பல்லின் மேலுறையாகிய மிளிரி, நிலைப்பல்லின் மிளிரியிலும் மெல்லியது. ஆகவே சொத்தை அதிலே விரைந்து உட்செல்கின்றது.

தூரிகை என்று சொல்லிக்கொண்டு போகிறோம். இலக்கணப்படி பல்லும் தூரிகையும் சேர்ந்து 'பற்றூரிகை' ஆகவேண்டும். சந்திக் கடையிலே சென்று பற்றூரிகை ஒன்று தாரும் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். 'பிறஷ்' என்றாலே உடனே எடுத்து நீட்டுவார். எப்பெயரால் அழைத்தாலும் அது நம் வீடுகளுக்குப் பிந்தி வந்த விருந்தாளிதான். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் உமிக்கரியுமே நெடுங்காலம் இங்கே பல் தீட்ட உதவின. காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் அன்பர்கள் மிஸ்வாக் குச்சியை இன்றும் போற்றிப் பயன்படுத்துகின்றனர். இங்கிலாந்திலே 1780ஆம் ஆண்டளவில் வில்லியம் அடிஸ் என்பார் தூரிகைகளைப் பெருமளவிற் செய்து விற்கத் தொடங்கியபோது அவற்றுக்கு எலும்பிலே பிடியும் விலங்கு மயிரிலே முட்களும் அமைந்தன. பிற்காலத்திலும் பன்றிமயிரே பெரிதும் வழங்கிற்று. இந்துவும் முஸ்லிமும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இப்பகுதியில் இதை அறிந்தோர் வாயில் வைக்க மனம் கூசினால் அதில் வியப்பென்ன? 1938இல் அமெரிக்காவிலே நைலோன் முட்கள் கொண்ட தூரிகை விற்பனைக்கு வந்தபின் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

வேப்பங்குச்சியை நாம் பழித்துரைக்க மாட்டோம். மென்று நாராக்கிப் பக்குவமாகத் தேய்க்கும் பெரியவருக்கு அது போதும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அதை மெல்லவும் அறியாது, மென்றாலும் கடைவாய்க்குக் கொண்டுபோக அறியாது. உமிக்கரியின் பருமணிகளோ மெல்லிய மிளிரியை அராவிவிடும். சிறு பிள்ளைகளுக்குக் கரி ஆகாது என்பதே நம் கருத்து.

இனி வயதுக்கு வருவோம். முதற்பல் ஏறக்குறைய ஆறாவது மாதத்திலே கீழ்த்தாடையின் முன்பக்கம் தோன்றும். அதுவரை தூய வெள்ளைத் துணியை நனைத்து விரலிற் சுற்றி முரசை மெல்லத் துடைத்தாற் போதும். முதற்பல் கண்ட அன்றே தூரிகையும் வேண்டும். அதன் தலை தாயின் சிறுவிரல் நகத்தளவாக இருக்கட்டும். முட்கள் மிக மென்மையாக இருக்கட்டும். பிடியோ நீண்டிருக்கவேண்டும், பிடிப்பது குழந்தையன்று, தாயே ஆதலின். இதைக் கடையிலே எவரும் சொல்வதில்லை. கரடியும் முயலும் பொறித்த குட்டைப் பிடியைக் கண்டு மகிழ்ந்து வாங்கிவந்த தாய், தன் விரல்கள் அதிலே அடங்காமற் திண்டாடுவாள்.

இரண்டரை மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்துவிடும். அப்பொழுது பிள்ளை "நானே தீட்டுவேன்" என்று அடம்பிடிக்கும். தடுக்கவேண்டாம். முழுக்கையால் இறுகப் பற்றிக்கொள்ளத் தக்க தடித்த பிடியுள்ள தூரிகையைக் கொடுத்து விளையாட விட்டுவிட்டு, பின்னர் பெற்றோர் வாங்கித் தாமே ஒருமுறை தீட்டிவிட வேண்டும். பிள்ளையை முன்னே நிறுத்தி, அதன் தலையைத் தம் மார்பிலே சாய்த்துக்கொண்டு பின்னின்று தீட்டினால் வாய் முழுவதும் தெரியும். தூரிகையின் தலை இரண்டு பற்களை மட்டும் மூடுமாயின் அளவு சரி. நான்கு பற்களை மூடுமாயின் அது அப்பாவின் தூரிகை.

எந்த வயதிலே பிள்ளையின் கையில் முற்றாக விட்டுவிடலாம்? ஏழு எட்டு வயதுவரை பெற்றோர் கை வேண்டும் என்கின்றனர் பல் வைத்தியர். நாம் ஓர் அடையாளம் சொல்லுவோம்: தன் சப்பாத்து நூலைத் தானே முடிந்துகொள்ளவும், கொப்பியிலே கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதவும் கை பழகிய பிள்ளையிடம் தூரிகையைக் கொடுக்கலாம். அப்பொழுதும் முன்பு சொன்ன ஆறுவயதுக் கடைவாய்ப் பல்லைப் பெற்றோர் பார்த்துக்கொள்ளல் நன்று. அதற்குத் தூரிகையை நேரே நீட்டாமல், கன்னப்பக்கமிருந்து குறுக்காக உள்ளே செலுத்தவேண்டும். சிறு தலையுள்ள தூரிகைதான் அவ்வாறு நுழையும்.

பன்னிரண்டு வயதளவில் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் வந்தபின் பெரியவர்களின் தூரிகைக்கு மாறலாம். வன்முட்களைத் தேடவேண்டாம். அழுத்தித் தேய்த்தால் அழுக்குப் போகும் என்று எண்ணி வன்முட் தூரிகையாற் பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்ப்போரின் முரசு தேய்ந்து வேர் வெளிப்படுவதைப் பெரியவர் வாயிலே காணலாம். மென்முள்ளே எவ்வயதுக்கும் தக்கது.

தக்க தூரிகை வாங்குவது எல்லார்க்கும் இயல்வதா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நகரத்துக் கடைகளிலே வயது பொறித்த தூரிகைகள் உண்டு. படுவான்கரையின் உட்கிராமத்துக் கடையிலே பெரும்பாலும் ஒரே அளவுதான் தொங்கும். 2004 திசம்பர் 26இல் கடல் பொங்கி ஊர்களை அழித்த பின்னரும், 2011 தை மாதப் பெருவெள்ளத்தின் போதும் முகாம்களுக்கு வந்த பொதிகளிற் பல் தீட்டும் பொருள்களும் இருந்தன. அனுப்பியோர் நன்மனத்துக்குக் குறைவில்லை; ஆயினும் நாம் கண்ட பொதிகளில் இருந்தவை பெரியவர் தூரிகைகளே. இனியேனும் பொதி கட்டுவோர் சிறிய தலையுள்ளவை சிலவற்றையும் சேர்ப்பார்களாக. சிறிய தூரிகையாற் பெரியவரும் தீட்டலாம், பெரியதாற் குழந்தைக்குத் தீட்டவியலாது.

ஒரே தூரிகையை அண்ணனும் தம்பியும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளும் உண்டு. சொத்தையை உண்டாக்கும் கிருமி எச்சிலோடு செல்வதாதலின் இது கூடாது. பிடியிலே நிறம் மாறிய நூலைச் சுற்றிவிட்டால் யாருடையது என்று தெரியும்.

பற்பசையிலும் அளவு உண்டு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசிமணியளவும், அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். விளம்பரத்திலே தூரிகை நீளத்துக்கும் பசை வளைந்து கிடப்பது விற்பதற்கேயன்றித் தீட்டுவதற்கன்று. பசையிலுள்ள புளோரைட்டு பல்லை உறுதிப்படுத்துவது. ஆயின் பல் உள்ளே வளரும் பருவத்திலே மிகுதியாக விழுங்கினால் முளைக்கும் பல்லிலே வெண்புள்ளிகள் தோன்றும். அனுராதபுரம் முதலிய வறண்ட பகுதிகளிற் கிணற்றுநீரின் மிகைப் புளோரைட்டாற் பல் கறைபட்ட பிள்ளைகள் பலர். ஆகையாற் துப்பக் கற்பித்தல் தூரிகை வாங்கியவுடன் செய்யவேண்டிய வேலை.

தீட்டும் நேரத்தில் இரவே முதன்மையானது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பல்லைக் கழுவிக் காப்பது அதுவே. சீனி போட்ட பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்குக் காலையிலே எத்துணைச் சிறந்த தூரிகையாற் தீட்டினும் பயன் குறைவு. சீனித் தேநீரிலே விசுக்கோத்தை நனைத்துக் கொடுத்து உறங்கவைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

1950களிலே கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளருக்குப் பயிற்சி தொடங்கிற்று. அவ்வழி வந்தோர் இன்று பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலே பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பல் அடைக்கின்றனர். ஆறு வயதுப் பல்லிற் குழி சிறிதாயிருக்கும்போதே அங்கு கொண்டுசென்றால் அடைத்துக் காக்கலாம். வலி கண்டபின் சென்றாற் பிடுங்குவதே பெரும்பாலும் மிஞ்சும்.

வாங்கிய தூரிகையை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கிணற்றடியிலே கிடுகு வேலியிற் செருகிவைப்பது நம் பக்கத்து வழக்கம். பல்லியும் எறும்பும் அதில் ஊர்வதை எவரும் நினைப்பதில்லை. மூடிய பெட்டியிலே ஈரத்தோடு அடைத்தால் இந்த வாவிக்காற்றின் ஈரலிப்பிலே உலரவே உலராது. கழுவி உதறி, வீட்டினுள்ளே ஒரு குவளையில் தலை மேலாக, ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுக. அதற்குமுன் முட்கள் விரிந்தால் அப்பொழுதே மாற்றுக. பிள்ளைகள் முட்களைக் கடிப்பார்களாதலின் அவர்கள் தூரிகை விரைவிலே விரியும். பழையதை எறிய மனமில்லாத இல்லத்தரசியர் குத்துவிளக்கின் இடுக்குகளைத் துலக்க அதை வைத்துக்கொள்ளலாம், பிடியின் நுனியைச் சிறிது தீயிற் காட்டிக் கருக்கிவிட்டால் மறுநாட் காலையிலே தவறி ஒருவர் வாய்க்குட் போகாது.