விடிவதற்குள் புறக்கோட்டை

சித்திரைப் புத்தாண்டுக்கு முன், ஏப்ரல் 10, 11ஆம் திகதிகளில் கொழும்பிலிருந்து பதுளை பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் பைகளில் புது உடுப்பும் பிஸ்கட் டின்னும் இருக்கும். அதே பைகள் ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது கனம் கூடியிருக்கும். முறுக்கு, அதிரசம், பழைய பத்திரிகையில் சுற்றிய நாலு பட்டர் புரூட், அடியில் பொலித்தீன் பைக்குள் தோட்டத்துத் தேயிலைத் தூள். கொழும்பில் தேயிலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனாலும், கடையில் விற்கிற தூளில் போடுவதைத் தேத்தண்ணி என்று ஒப்புக்கொள்ள பசறைப் பக்கத்து அம்மாக்கள் யாரும் தயாரில்லை.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெளி என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் இப்படிக் கொழும்புக்கு வந்து சேருகிறவர்கள் புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை ஹோட்டல்களிலும் கட்டட வேலைகளிலும் வீட்டு வேலைகளிலும் இருப்பவர்கள். ஏன் எல்லோரும் ஒரே இரவில் திரும்புகிறார்கள், ஏன் அதிகாலை நாலு மணிக்குக் கொழும்பில் இறங்குகிறார்கள், ரயில் இருக்க ஏன் பஸ்ஸில் நெரிகிறார்கள் என்று கேட்டால், “அது அப்பிடித்தான்” என்பார்கள். அது அப்படி ஆனதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் நாள். அரச விடுமுறை ஏப்ரல் 13, 14 என்று இரண்டே நாள். நாட்காட்டிப்படி 15ஆம் திகதி கடை திறந்திருக்க வேண்டும். திறக்காது. காரணம், ஒவ்வொரு ஆண்டும் அரசு வெளியிடும் சுபநேரப் பட்டியல். அடுப்பு மூட்ட, முதல் உணவு உண்ண, கொடுக்கல் வாங்கல் செய்ய என்று அதில் நேரம் குறித்திருக்கும். புத்தாண்டு பிறந்து சில நாள் கழித்துத் தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு நேரம் வரும். பிறகு, தொழிலுக்காக வீட்டை விட்டுப் புறப்படவே தனியாக ஒரு நேரம். ஊரிலிருந்து வேலைக்குத் திரும்புவதற்கு நல்ல நேரம் குறித்து அரசே அறிவிக்கும் நாடு வேறு ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அது சிங்கள மரபு. லயத்துப் பையனுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். அவனுடைய முதலாளிக்கு அதில் நிறைய இருக்கிறது. பஸ் சாரதிக்கும் இருக்கிறது. கடைக்கு வரும் வாடிக்கையாளரில் பெரும்பகுதிக்கும் இருக்கிறது. ஊர் பூராவும் எண்ணெய் வைத்து முடியும்வரை கடை திறந்து பயனில்லை. ஆகவே பையனின் லீவு நீள்வதும் குறைவதும் அந்தப் பட்டியலைப் பொறுத்தது.

தோட்டத்து வீட்டிலோ மருத்துநீர் வைத்துக் குளிப்பதும் கைவிசேஷம் வாங்குவதும் நம் பஞ்சாங்கப்படி முதல் நாளோடு முடிந்துவிடும். மீதி நாட்களில் பயணத்துக்குப் பார்ப்பது சூலம் மட்டும். இங்கேதான் சிக்கல். சுபநேரம் வார நடுவில் வந்தால் முதலாளி பெரும்பாலும் அடுத்த திங்கட்கிழமையில்தான் முழுதாகக் கடையைத் திறப்பார். அப்படியானால் ஞாயிறு இரவு பஸ் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சூலம் மேற்கே. பதுளைக்குக் கொழும்பு மேற்கே. ஆத்தாமார் இதற்குப் பழைய பரிகாரம் வைத்திருக்கிறார்கள்: மேற்குச் சூலத்துக்கு வெல்லம். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டு, “நல்லபடியா போய்ச் சேரு சாமி” என்று அனுப்பிவிடுவார்கள். சூலத்தை வெல்லத்தால் சமாளிக்கலாம். முதலாளியைச் சமாளிக்க இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்து, ரயில். பதுளையிலிருந்து கொழும்பு கோட்டைக்குத் தண்டவாளத்தின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். தூரத்தைவிட ஏற்றம்தான் பிரச்சினை. பதுளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து 650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலுக்குப் போகிற ரயில் அங்கிருந்து இறங்குவதில்லை. தெமோதரையில் தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து, சுற்றி வளைந்து, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஏறி, 1,898 மீற்றரில் பட்டிப்பொலையைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஒன்பது, பத்து மணித்தியாலம் போய்விடும்.

இந்தப் பாதை ஆளை ஏற்றப் போட்டதல்ல, தேயிலையை இறக்கப் போட்டது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று வேகமாக வந்த தண்டவாளம் பதுளைக்கு வர 1924 ஆயிற்று. கடைசித் துண்டுக்கு மட்டும் முப்பது ஆண்டு. இன்று உலகம் படமெடுத்துத் தள்ளுகிற ஒன்பது வளைவுப் பாலம் அந்தத் துண்டில்தான் 1921இல் எழுந்தது. பாலம் புகழ்பெற்றதில் ஊவா மாகாணத்துக்குப் பெருமைதான். ஆனால் எல்லவுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளும் அதே ரயிலில்தான் ஏறவேண்டும். ஆசன முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கிறது. தோட்டத்துப் பையனுக்கு லீவு எப்போது முடியும் என்பது 30 நாளுக்கு முன்னால் தெரியாது. அவனுக்கு மிஞ்சுவது முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டியின் கதவடி. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைப் பாதையைப் பல இடங்களில் மண்ணோடு பெயர்த்துப் போட்டபோது அந்தக் கதவடியும் இல்லாமல் போனது.

ஆக, பஸ். 99ஆம் இலக்கம். பதுளையில் கிளம்பி ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாகப் பெரகலைக்கு வந்து, அங்கிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் செங்குத்தாக விழுந்து, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று போகும். தூரம் 230 கிலோமீற்றரை ஒட்டி வரும். ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். ரயிலும் ஏறித்தான் இறங்குகிறது, பஸ்ஸும் ஏறித்தான் இறங்குகிறது. ஆனால் பஸ் ஏறும் மலை குட்டை.

இந்த ஆறேழு மணித்தியாலத்தை வைத்துத்தான் எல்லாக் கணக்கும். கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். எட்டரைக்கு நிற்க வேண்டும். அதற்கு முன் ரூமுக்குப் போய்க் குளிக்க வேண்டும். பத்துப் பேருக்கு ஒரு குழாய் இருக்கிற இடத்தில் குளிப்பது என்றால் ஐந்தரைக்காவது அங்கே இருக்க வேண்டும். அப்படியே பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் பதுளையில் இரவு ஒன்பது, பத்து மணி வரும். பகலில் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். இரவில் போனால் போவது தூக்கம் மட்டும். தூக்கத்துக்கு யாரும் பேர், அதாவது நாள் கணக்கு, போடுவதில்லை.

இதில் ஆசனம் கிடைப்பது ஊரைப் பொறுத்தது. பசறைக்காரனும் மடுல்சீமைக்காரனும் பதுளையிலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவார்கள். பண்டாரவளை தாண்டும்போது நடைபாதை நிறையும். தம்பேதன்னைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து ஹப்புத்தளைச் சந்தியில் குளிரில் கைகட்டி நிற்கிறவனுக்கு, கொழும்பு மற்றவர்களைவிடக் கிட்ட. ஆனால் அவன்தான் பலாங்கொடை வரையாவது நின்றுகொண்டு போக வேண்டியவன். சிலர் பின்னோக்கிப் பதுளைக்கே போய் ஏறிவிட்டு வருவார்கள். நடத்துனர் சிங்களத்தில் “இஸ்ஸரஹட்ட யண்ட” (முன்னுக்குப் போ) என்று கத்துவதற்கு மொழிபெயர்ப்பு எந்தத் தோட்டத்திலும் தேவையில்லை. சண்டை கட்டணத்தில்தான் வரும். கூடுதலாக வாங்கினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறையிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். இரவு பதினொரு மணிக்கு, இறக்கிவிட்டால் அடுத்த பஸ் எப்போது என்று தெரியாத சந்தியில் நின்று முறையிடுகிறவர் குறைவு. நெரிசலைவிட வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவது பாதைக்கு. 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அதன் பிறகு அந்த இடத்தைத் தாண்டியதும் வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து சென்னை திரும்புகிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். அங்கே லட்சக்கணக்கில் கூட்டம், பரனூர் சுங்கச்சாவடியில் கிலோமீற்றர் கணக்கில் வாகனம், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்தில் விடியுமுன்னே மாநகரப் பேருந்துக்கு அடிபிடி. சீனாவில் வசந்த விழாப் பயணத்துக்கு நாற்பது நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நாம் சிறியவர்கள்தான். ஆனால் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவரை, ஏன் இங்கே வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. புறக்கோட்டையில் இறங்கிய மலையகத்து ஆளை இரண்டு தலைமுறையாகக் கேட்டார்கள்.

1987 ஏப்ரல் 21ஆம் திகதி, புத்தாண்டு கழிந்து ஒரு வாரத்தில், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. ஊரிலிருந்து திரும்புகிறவர்களும் வேலை விட்டு வீடு போகிறவர்களும் நெரியும் இடம் அது. யுத்தம் நீள நீள, அதே நிலையத்தில் விடிகாலையில் கனத்த பையோடு இறங்கும் தமிழ்ப் பையன் சோதிக்கப்பட வேண்டியவன் ஆனான். முறுக்கைக் கொட்டிப் பார்ப்பார்கள். தூள் பையைக் குத்திப் பார்ப்பார்கள். அடையாள அட்டை இருந்தால் மட்டும் போதாது. தங்குமிடத்தைப் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழே ஒழுங்காக இல்லாத லயங்களில் அடையாள அட்டை எடுப்பதே பெரும்பாடு என்பது சோதனைச் சாவடிக்குத் தெரிய நியாயமில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியலில் கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தக் காலத்தில் கடையில் நின்று இப்போது நரைத்துப் போனவர்கள், கொழும்பு நெருங்கும்போது இன்றும் சட்டைப் பையைத் தொட்டு அட்டையைப் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் போனில் படம் பார்க்கும் பையனுக்கு அது ஏன் என்று தெரியாது.

நகரத்துக்குள் பஸ் நுழைவது ஒரே இடத்தில் நடப்பதல்ல. மகரகமையில் நாலு பேர், நுகேகொடையில் வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் இரண்டு பேர், கிருலப்பனையில் வெள்ளவத்தைக் கோஷ்டி என்று உதிர்ந்துகொண்டே வரும். பெஸ்டியன் மாவத்தையில் கடைசியாக இறங்குகிறவர்கள்தான் புறக்கோட்டைக் கடைப் பொடியன்கள். மலையில் போட்ட ஸ்வெட்டர் அவிசாவளையிலேயே கழன்றிருக்கும். கதவு திறந்ததும் முகத்தில் அடிப்பது சூடும் கருவாட்டு வாடையும். பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியபடி. நாட்டாமைகள் கைவண்டிமேல் படுத்திருப்பார்கள். இங்கே நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர் என்று முதல் தடவை வந்த பையனுக்கு யாராவது விளக்கிக்கொண்டு போவார்கள்.

வீட்டுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவது வழக்கம். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்தாயிற்று. மறுபக்கம் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் காசு. சித்திரை மழைக்குக் கொழுந்து பொங்கி வரும் நேரம் வேறு. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பாள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதை நம்பி இருக்க முடியாது என்றுதான் மகன் இந்தப் பக்கம் வந்தான். அதை விடவும் முடியாது என்றுதான் அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள். பேர் விழுந்தால்தான் லயத்துக் காம்பரா நிலைக்கும்.

ஆட்களை இறக்கிய பஸ் அங்கேயே கழுவப்பட்டுத் திருப்பி நிறுத்தப்படும். ஆறு மணிக்குள் நடத்துனர் பதுளை, பதுளை என்று கூவத் தொடங்கிவிடுவார். அந்தப் பஸ்ஸும் காலியாகப் போவதில்லை. பண்டிகை முழுக்க வெறிச்சோடிய நகரத்தில் வாசலில் நின்ற செக்கியூரிட்டிக்காரர்கள், திறந்தே இருந்த ஹோட்டல்களின் ரொட்டி மாஸ்டர்கள், பெரிய வீட்டுக்காரர் நுவரெலியா போய் வரும்வரை நாய்க்குச் சோறு வைத்தவர்கள் எல்லாருக்கும் லீவு இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. புது உடுப்பும் பிஸ்கட் டின்னும் வைத்த பைகளோடு ஏறுகிறார்கள். ஜன்னலோரம் கிடைக்கிறது.